பதில் சொன்னவர்

"உங்க வீட்டுல பெரியவங்கள்ல அடுத்ததா யாருக்குப் பிறந்தநாள் வருது சார்?"

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஏன், கேக் வெட்டப் போறியா?"

"இல்ல சார். கருத்துக் கணிப்பு. ஒரு வீட்டுல ஒருத்தர்கிட்டதான் கேக்கணும். அது யாருன்னு நாங்களா முடிவு பண்ணக் கூடாது. அதனாலதான் பிறந்தநாள்."

"எதப் பத்திக் கேக்கப் போறே?"

"ஜனாதிபதியோட அதிகாரத்தப் பத்தி."

"அப்ப என்கிட்டதான் கேக்கணும். பிறந்தநாளாம், பிறந்தநாள்."

உள்ளே சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "எனக்குத்தான் வருது. அடுத்த மாசம்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் செய்தி அவருக்குப் புதிது என்பது பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது.

கதவுக்கு வெளியே நின்றவளை அந்த வட்டாரத்தில் சர்வேக்கா என்பார்கள். சோப்பு, பல்பொடி, செல்போன் கம்பெனி என்று எதைப் பற்றியெல்லாமோ ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்டுக் கேட்டு அவள் செருப்புகள் தேய்ந்திருந்தன. இந்த முறை ஜனாதிபதி. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே உத்தரவு போடவும், நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பவும் தனக்கு அதிகாரம் வேண்டுமென்று அவர் ஒரு சட்டம் கேட்டிருந்தார். ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரோ தெரிந்துகொள்ள விரும்பினார்கள். யார் என்பது சர்வேக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், இன்னின்ன தெரு.

இந்தக் கேள்விகளுக்கு ஜனங்கள் சோப்புக்குச் சொல்வதுபோலப் பதில் சொல்வதில்லை என்பதை முதல் நாளே கண்டுகொண்டாள். குரல் இறங்கிவிடும். சிலர் கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் வழியாகப் பேசுவார்கள். "நீங்க கவர்மெண்டா?" என்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ஆமாம் என்றிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்தபடியே ஒரு கேள்வி கேட்டார். "இந்த அதிகாரமெல்லாம் இவருக்கா, இல்ல அடுத்து வர்றவனுக்குமா?" அதற்கு அவள் விளக்கம் தரக் கூடாது. "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க" என்பதுதான் அனுமதிக்கப்பட்ட வாக்கியம். "இவருக்குன்னா குடு. அடுத்தவனுக்குன்னா வேணாம். ரெண்டையும் போட்டுக்க" என்றார் அவர். இரண்டையும் போட டேப்லெட்டில் இடமில்லை.

சட்டைக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மாஸ்டர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கீழே தெருவோரத்தில் மேற்கூரையில் பலகை வைத்த அவருடைய கார் நின்றது. அதில் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோ" என்றார் மாஸ்டர்.

சர்வேக்கா டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தாள். விதிப்படி மாஸ்டருடைய பதில் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று வீட்டுத் தலைவனிடம் சொன்னால் கதவு சாத்தப்படும், வீடு போய்விடும். இதற்கு இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். புருஷன் பேசட்டும் என்று விட்டுவிட்டு, வெறும் திரையில் விரலை ஓட்டுவது. தலையை ஆட்டுவது. நடுவில் ஒருமுறை "கொஞ்சம் மெதுவா சார்" என்பது. ஆள் குளிர்ந்துவிடுவார். பிறகு உரியவரிடம் நிதானமாகக் கேட்கலாம்.

"ஒரே ஆளு, ஒரே கை. போட்டுட்டியா? நாடாளுமன்றத்துல உக்காந்து கொட்டாவி விடறவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? ஸ்டீயரிங்க ரெண்டு பேரு பிடிச்சா வண்டி எங்க போகும்? சொல்லு."

"கொஞ்சம் மெதுவா சார்."

"சாக்கடைக்குப் போகும். ஜட்ஜு குறுக்க வந்தா ஜட்ஜ எறக்கி விடு. முழு ஆதரவு. என்னென்ன கேள்வி இருக்கோ எல்லாத்துக்கும் முழு ஆதரவு."

கீழே ஹாரன் ஒலித்தது. மாஸ்டர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்" என்றாள் சர்வேக்கா.

அவர் படியிறங்கிப் போனார். கார் கிளம்பி, நின்று, உறுமி, மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அந்த வீட்டம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"இப்ப நிஜமாவே என்னக் கேக்கணுமா அக்கா?"

"உங்களத்தான் கேக்கணும்."

சர்வேக்கா உட்கார்ந்து வழக்கமான முன்னுரையை ஒப்பித்தாள். பதில்கள் ரகசியம், பேர் எங்கும் வராது, யார் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதைப்போல அவள் வாயில் அது தானாக வரும்.

"அவருக்கும் தெரியாதில்ல?"

சர்வேக்கா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை.

"யாருக்கும்னா யாருக்கும்தான்" என்றாள்.

வீட்டம்மா கேள்விகளை இரண்டிரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "கடைசில ஒண்ணு வாசிச்சீங்களே, முழுக்க எதிர்க்கிறேன்னு. அதப் போடுங்க." அடுத்ததற்கும் அதையே சொன்னாள். எல்லாம் முடிந்து, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. அதற்குத் தெரிவுகள் கிடையாது. சொல்வதைச் சொன்னபடியே தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் "சும்மாதான்" என்பார்கள்.

வீட்டம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க வீட்டுக்காரரு வண்டியில ரெண்டு பிரேக்கு இருக்கு. ஓட்டறவன் காலடியில ஒண்ணு, பக்கத்து சீட்டுல இவரு காலடியில ஒண்ணு. ரெண்டாவது இல்லாம ரோட்டுல எறக்க விட மாட்டாங்க. ஓட்டறவன் நல்லவனா கெட்டவனான்னு யாரும் கேக்கறதில்ல. நாட்டுக்கு மட்டும் ஒரு பிரேக்கு போதுமா?"

தட்டச்சு செய்யும் விரல்கள் அவள் பேச்சைத் துரத்திக்கொண்டு ஓடின. சர்வேக்கா நிறுத்தியதும் வீட்டம்மா, "இன்னொண்ணு" என்றாள். "இந்த வீட்டுலயும் பக்கத்து சீட்டுல பிரேக்கு கெடையாது. அதையும் எழுதுவீங்களா?"

"சொன்னா எழுதணும். வேணாம்னா விட்டுடலாம்."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எழுதுங்க. எங்கயாச்சும் எழுதி இருக்கட்டும்."

கடைசியாகச் சரிபார்ப்புக்கு ஒரு போன் நம்பர் வேண்டும். அவளுக்குப் போன் இல்லை. வீட்டில் சும்மா இருப்பவளுக்கு எதற்கு என்று அவர் வாங்கித் தரவில்லையாம். கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீசில் சந்தேகப்படுவார்கள். சர்வேக்கா ஒரு நொடி தயங்கி, மாஸ்டருடைய நம்பரைக் கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

எழுந்தபோதுதான் படுக்கையறைக் கதவு கண்ணில் பட்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. எண்ணெய் போட்ட, நன்றாகப் புழங்கிய தாழ்ப்பாள். வீடு வீடாக ஏறி இறங்குபவள் கண்ணுக்கு எதெதுவோ படும். பட்டதைப் பட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் பழக்கம். அன்றும் வந்துவிட்டாள்.

ஆபீஸ், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. சில நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பிய மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அக்கா, இந்த பிரேக் பதில் யார் எழுதினது?"

"எழுதினது நான். சொன்னது அந்தம்மா."

"மேலிடத்துல ஒவ்வொண்ணா வாசிக்கறாங்க. 'சும்மாதான், சும்மாதான்'னு வந்துட்டு இருக்கு, நடுவுல இது. யாரோ ஆபீஸ்ல உக்காந்து ஜோடிச்ச மாதிரி இருக்குன்னாங்க. போன் போட்டுப் பாத்துட்டேன்."

"யாரு எடுத்தாங்க?"

"அவருதான். அன்னிக்கு வீட்டம்மாவைக் கேக்கவே இல்லையாம். பதில் சொன்னது அவராம். எல்லாத்துக்கும் முழு ஆதரவாம். நீங்க எழுதிக்கிட்டதைக் கண்ணால பாத்தாராம். இங்க பாத்தா எல்லாம் எதிர்ப்பு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பல்பொடி சர்வேன்னா நான் கண்ண மூடிட்டுப் போயிடுவேன். இது ஜனாதிபதி விவகாரம். எதிர்க்கட்சிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு மாத்திப் போட்டாங்கன்னு ஒருத்தன் கிளப்பி விட்டா, உங்க வேலை மட்டும் போகாது."

வெறும் திரையில் விரல் ஓட்டிய கதையை அவள் சொன்னாள். மேனேஜர் அதற்குச் சிரிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் வீடு ஏறியவர்தான். விரல் ஓட்டியவர்தான்.

"போன்ல என்னத்தச் சொன்னீங்க அவருகிட்ட? பதில வாசிச்சீங்களா?"

"இல்ல. கேட்டாங்களான்னு மட்டும்தான் கேட்டேன்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"நேர்ல போய் அந்தம்மாவையே கேட்டுடலாம். ஆமான்னு சொன்னா முடிஞ்சுது, நான் எழுதி அனுப்பிடறேன். இல்லன்னா உங்க சர்வே அத்தனையும் தூக்கணும். உங்களையும். எனக்கு வேற வழி இல்ல அக்கா."

"அவரு இல்லாத நேரமாப் போலாம் சார்."

"தான் இருக்கறப்பதான் வரணும்னு சொல்லியிருக்காரு."

"அவரு எதிர்ல கேட்டா அந்தம்மா பாடு என்ன ஆகும்னு தெரியல சார். அந்த வீடு ஒரு மாதிரி."

"எல்லா வீடும் ஒரு மாதிரிதான்" என்றார் மேனேஜர். "நீங்க உண்மையத்தானே எழுதினீங்க? அப்புறம் எதுக்குப் பயப்படணும்?"

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். டைல்ஸ் பதித்துப் பதித்து முழங்கால் இரண்டும் போன மனுஷன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குடும்பம் இப்போது அவள் நடையில்தான் நடந்தது. அதனால் அவளைக் கொஞ்ச நாளாக மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கேலிக்குத்தான்.

"அந்தம்மா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதானே மேடம்?"

"அவ்வளவுதான்."

"சொல்லுவாங்களா?"

"சொன்னா அவங்க கெட்டாங்க. சொல்லாட்டி நான் கெட்டேன்."

அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். "ஊரையெல்லாம் கேக்கறியே, அந்த ஜனாதிபதி விஷயத்துல நீ என்ன நினைக்கிறே?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கேள்வி மட்டும் மனப்பாடமாக இருந்தது. "என்ன யாரும் இன்னும் கேக்கல" என்று சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

சர்வேக்காவையும் மேனேஜரையும் மாஸ்டர் நன்றாகவே வரவேற்றார். மேனேஜருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார். சர்வேக்கா கதவோரம் நின்றாள். வீட்டம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு பேரும் ஒரே சிறிய கூடத்தில் இருந்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

"நான் ஒண்ணும் கோவமா இல்ல தம்பி" என்றார் மாஸ்டர். "ஆனா என் வீட்டுப் பதில்ல என்னவோ சந்தேகம்னு போன் வந்துச்சு பாருங்க, அதான் எனக்குப் புரியல. அதுக்கு ஒரு முடிவு தெரியணும்." செருப்பில்லாத வலது காலால் தரையை லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் வீட்டம்மா பக்கம் திரும்பினார். "இவங்களத் தெரியுதாம்மா?"

"வந்தாங்க. இவருகிட்டப் பேசிட்டிருந்தாங்க."

"அதுக்கப்புறம் உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

தரையைத் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

"இல்ல" என்றாள் வீட்டம்மா.

சர்வேக்காவுக்கு அது அடி விழுந்ததுபோல இருந்தது. எதிர்பார்த்த அடிதான். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், இவள் சொல்லிவிடுவாள் என்றும் நினைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

"அப்ப சரியாப் போச்சு" என்றார் மாஸ்டர். கால் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

மேனேஜர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வேலையில் சுத்தமான ஆள். தப்புச் செய்யாத ஒருத்தியின் மேல் பழி விழுந்துவிடக் கூடாது என்கிற எண்ணமும் அவருக்கு இருந்தது. டேப்லெட்டைத் திறந்தார். "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கம்மா. அவசரம் இல்ல. இங்க ஒரு பதில் இருக்கு. வாசிக்கறேன். இது உங்க வார்த்தையா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டம்மாவின் கை நிலையில் கொஞ்சம் மேலே நகர்ந்தது. இப்போதுதான் அவள் சர்வேக்காவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. கார் தன் மேல் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவளின் பார்வை.

"எங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"வாசிக்க வேணாம் சார். நான் எழுதினது."

மேனேஜர் நிறுத்தினார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரரு என்னவாம்?" என்றார் மாஸ்டர்.

விசிறி சுற்றியது.

"என் வீட்டுக்காரரு சார்" என்றாள் சர்வேக்கா. தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "டைல்ஸ் வேலை பாத்தவரு. எந்நேரமும் ஜனாதிபதியத் திட்டிக்கிட்டு இருப்பாரு. அன்னிக்கு வெயில்ல நடந்து நடந்து மண்டை காஞ்சுபோச்சு. இந்த வீட்டுல சொன்னது மறந்துபோச்சு. அவரு சொல்றதையே எடுத்து இதுல போட்டுட்டேன். தப்புதான்."

"பாருங்க தம்பி" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் மெனக்கெட்டு நின்னு சொல்றேன். இவ தலைய ஆட்டி ஆட்டி எழுதறா. கடைசில புருஷன் சொன்னதப் போட்டிருக்கா. இப்படிப்பட்ட ஜனங்கதான் இருக்கு நாட்டுல. இதுங்கள வெச்சுக்கிட்டு ஜனாதிபதிக்கு அதிகாரம் வேணாமாம். இன்னும் ரெண்டு மடங்கு குடுக்கணும்."

"ஆமா சார்" என்றாள் சர்வேக்கா.

மேனேஜர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வண்டி இருந்தது. பக்கத்து சீட்டு இருந்தது. கடைசி வரி இருந்தது. டைல்ஸ் எங்கேயும் இல்லை. அவர் கண் அந்தக் கடைசி வரிவரை போய், அங்கிருந்து எழும்பி, கூடத்தைச் சுற்றி வந்து, படுக்கையறைக் கதவில் கொஞ்ச நேரம் நின்றது.

"எங்க, காட்டுங்க. என்னதான் எழுதியிருக்கா?" மாஸ்டர் எழுந்து கையை நீட்டினார்.

மேனேஜர் டேப்லெட்டை மூடி மடியில் கவிழ்த்து வைத்தார். "இத யாருக்கும் காட்டக் கூடாது சார்."

"பொய்யின்னு ஆயிடுச்சே. இன்னும் என்ன ரகசியம்?"

"பொய்யானாலும் காட்டக் கூடாது."

மாஸ்டர் நீட்டிய கையோடு நின்றார். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. டேப்லெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, வாத்தியார் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனைப்போல, ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாஸ்டர் சிரித்தார். கையை இழுத்துச் சட்டையில் தடவிக்கொண்டார்.

"சரி, உங்க சட்டம் உங்களுக்கு. என் பதிலையாவது இப்பப் போட்டுக்குங்க."

"இந்த வீட்டையே கணக்குலேருந்து எடுத்துட்டோம் சார். இனிமே யார் பதிலும் வராது."

வீட்டம்மா உள்ளே போய்விட்டிருந்தாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஏதும் கழுவப்படவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வழியனுப்ப வரவில்லை. இரண்டு பேரும் படியிறங்கினார்கள்.

தெருமுனையில் மேனேஜரின் பைக் நின்றது. பைக்கை எடுக்கும்போது, "அக்கா" என்றார்.

"எதுவும் சொல்லாதீங்க சார்."

"நான் மேலிடத்துல பேசிப் பாக்கலாம். நடந்தது இதுதான்னு..."

"பேசினா எழுதிக் கேப்பாங்க. மறுபடி ஒருத்தர் அந்த வீட்டுக்கு வந்து நிப்பாரு."

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்ப நாளைக்கு டேப்லெட்டக் கொண்டு வந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலை அவள் டேப்லெட், சார்ஜர், கழுத்து அட்டை, பை நான்கையும் ஆபீசில் ஒப்படைத்தாள். மேனேஜர் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அவள் எடுத்த பேட்டிகள் எல்லாம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. கறிக்கடைக்காரருடையதும் போயிற்று. மீதித் தெருக்களை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண் எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டாள், இவள் சொன்னாள். திரும்பும் வழியில் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்டாள். முதலாளி ஊரில் இல்லை, வாரக் கடைசியில் வந்து பாருங்கள் என்றார்கள். மதியம் துணி துவைத்தாள். சாயங்காலம் ஜனாதிபதி டிவியில் பேசினார். புருஷன் சத்தத்தைக் குறைத்தார். மழை வரும்போலிருந்ததால் அவள் கொடியிலிருந்த துணிகளை எடுத்து வந்து மடித்து வைத்தாள்.